அலைகடல் நேயர் மன்றம்

உட்காருங்கள் தம்பி. அந்த நாற்காலி வேண்டாம், கால் ஆடும். இதில் உட்காருங்கள். அழைப்பிதழை மேசை மேல் வைத்துவிடுங்கள். படிக்காமலே தெரிகிறது. தங்க நிற எழுத்து, நடுவில் ஒரு பழைய ரேடியோப் பெட்டி, கீழே ‘வானொலியின் பொற்காலம்’. அச்சகத்தில் இதற்கென்றே ஒரு அச்சு வைத்திருப்பார்கள் போலிருக்கிறது. காதுகுத்துக்கு ஒன்று, புதுமனை புகுவிழாவுக்கு ஒன்று, பொற்காலத்துக்கு ஒன்று.

உங்களுக்கு முப்பது வயது இருக்குமா? அப்படியானால் சிற்றலை வானொலியை நீங்கள் கேட்டதே கிடையாது. கேட்டவர்கள் கண் கலங்குவதைப் பார்த்திருக்கிறீர்கள், அவ்வளவுதான். அது எப்படி இருக்கும் என்று நான் சொல்கிறேன். தகரக் கூரையில் மழை பெய்துகொண்டிருக்கிறது. பக்கத்து வீட்டில் யாரோ அப்பளம் பொரிக்கிறார்கள். அதற்கு நடுவே, கிணற்றுக்குள் விழுந்துவிட்ட ஒருவர் உள்ளேயிருந்தபடியே செய்தி வாசிக்கிறார். அதுவும் நாம் பார்த்தே இராத ஒரு நாட்டில் கோதுமை நன்றாக விளைந்திருக்கிறது என்கிற செய்தி. அதுதான் உங்கள் பொற்காலம்.

அதற்கு ஒரு மாநாடு. அதற்குப் பொன்னாடை. என் அப்பாவின் பெயரில் விருது வேறு. மகன் என்ற முறையில் நான் மேடையேறி அதை வாங்கிக்கொண்டு நாலு வார்த்தை பேச வேண்டும். அப்படித்தானே?

வருகிறேனா இல்லையா என்பது கிடக்கட்டும். முதலில் யாருக்குக் கொடுக்கிறீர்கள் என்று தெரிந்துகொண்டு கொடுங்கள்.

என் அப்பா ஆவுடையப்பன் தீப்பெட்டி ஆபீஸில் கணக்கு எழுதினவர். கோவில்பட்டிப் பக்கம் நாங்கள் தொழிற்சாலை என்று சொல்ல மாட்டோம், ஆபீஸ்தான். பகல் முழுக்க, தீக்குச்சிகளைக் கட்டையில் அடுக்குகிற பெண்களுக்குக் கணக்கு எழுதுவார். முதலாளி கூப்பிட்டால் எழுந்து நிற்பார். சாயங்காலம் வீட்டுக்கு வந்து ரேடியோ முன்னால் உட்கார்ந்துவிட்டால் அவர் உலகப் பிரமுகர். வெளிநாட்டு மந்திரிகள் பேர் எல்லாம் அவருக்கு அத்துப்படி. எங்கள் தெரு வார்டு மெம்பர் யார் என்று கேட்டால் யோசிப்பார்.

மொட்டைமாடியில் இரண்டு மூங்கில் நட்டு நடுவே செம்புக் கம்பி கட்டியிருந்தார். அதில் அம்மா ஒரு கைக்குட்டைகூடக் காயப்போடக் கூடாது. ஒலி எப்படிக் கேட்டது என்று அந்த நிலையங்களுக்கு எழுதிப் போட ஒரு முறை உண்டு. சத்தத்தின் பலம், குறுக்கீடு, இரைச்சல் என்று ஒவ்வொன்றுக்கும் ஐந்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போட வேண்டும். அப்பா அதை வீட்டுக்குள்ளும் கொண்டுவந்துவிட்டார். ரசத்தை ஒரு வாய் உறிஞ்சிவிட்டு, “மூணு” என்பார். “யாருக்கு வேணும் உங்க மூணு” என்று அம்மா கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வாள். என் ரேங்க் கார்டைப் பார்த்துவிட்டு, “குறுக்கீடு ஜாஸ்தியா இருக்கு” என்று கையெழுத்துப் போடுவார். மற்ற அப்பாக்கள் அடித்தார்கள். அடித்திருந்தால்கூட நாலு பேரிடம் சொல்லிக்கொள்ளலாம்.

இப்படிப்பட்ட மனிதர் நடத்தியதுதான் உங்கள் அழைப்பிதழில் போட்டிருக்கிற ‘அலைகடல் நேயர் மன்றம்’. எங்கள் ஊர்க் கண்மாயில் கால் நனைகிற அளவு தண்ணீர் நின்று நான் பார்த்ததில்லை. அலைகடலாம். தலைவர் அப்பா. செயலாளர் டீக்கடை முப்பிடாதி. பொருளாளர் தையல்காரர் அய்யாக்குட்டி. மகளிர் அணி என் அம்மா உலகம்மாள். மாணவர் அணி நான். இன்னும் தெருவில் பாதிப் பேர். இதில் ஒரே ஒரு குறை. இப்படி ஒரு மன்றம் இருப்பது அப்பாவையும் எங்கள் வீட்டையும் தவிர ஒருவருக்கும் தெரியாது.

சிரிக்காதீர்கள். தமிழ்நாடு முழுக்க இப்படித்தான் நடந்தது. தனி ஆளாகக் கடிதம் போட்டால் நிலையத்தில் ஓரமாக வைத்துவிடுவார்கள். மன்றமாகப் போட்டால் வாசிப்பார்கள், நாட்காட்டி அனுப்புவார்கள், வழவழப்பான தாளில் பத்திரிகை அனுப்புவார்கள். அதனால் ஊருக்கு ஊர் ஒரு ஆள், ஒரு ரேடியோ, ஒரு மன்றம். உங்கள் மேடையில் வரிசையாக உட்காரப் போகிறார்களே, அவர்களிடம் கேளுங்கள், உங்கள் மன்றத்தில் எத்தனை பேர் என்று. எல்லாரும் மின்விசிறியைப் பார்ப்பார்கள்.

அப்பா உறுப்பினர் ஒவ்வொருவருக்காகவும் கடிதம் எழுதுவார். முப்பிடாதி என்றால் பென்சில், எழுத்து கோணல். அய்யாக்குட்டி என்றால் பச்சை மை. முப்பிடாதிக்கு அந்த நாட்டு ரயில்கள் மேல் மோகம். அய்யாக்குட்டி அங்கே பனிக்காலத்தில் என்ன துணி உடுத்துகிறார்கள் என்று விசாரிப்பார். தையல்காரர் என்றால் துணியைப் பற்றித்தான் கேட்பாரா? அப்பாவின் கற்பனை அவ்வளவு தூரம்தான் போகும். மாணவர் அணி சார்பில் என்ன எழுதினார் என்று நான் பார்த்ததில்லை. பார்க்க வேண்டும் என்று தோன்றியதுமில்லை.

எந்த நாட்டு நிலையம் என்று கேட்கிறீர்களா? சொல்ல மாட்டேன். சொன்னால் நோட்டீஸில் போட்டுவிடுவீர்கள்.

நான் ஒன்பதாவது படித்தபோது, ஒரு நாள் அந்த நிலையத்தில் ஒரு அறிவிப்பு வந்தது. அவர்களுடைய தமிழ் அறிவிப்பாளர் தேன்மொழி தமிழ்நாட்டுக்கு வருகிறார், சில நேயர் மன்றங்களை நேரில் சந்தித்து ஒலிப்பதிவு செய்யப்போகிறார் என்று. தேன்மொழி என்பது தமிழ் படித்த அந்த நாட்டுக்காரி தானாக வைத்துக்கொண்ட பெயர். ஊர் ஊராகப் பெயர் வாசித்தார்கள். எங்கள் மன்றத்தின் பெயரும் வந்தது.

அப்பா ரேடியோவை அணைத்தார். நிகழ்ச்சி முடிவதற்கு முன்னால் அவர் அணைத்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

“உலகு, எல்லாரையும் கூட்டி வச்சுக் காட்டணும்.”

“யாரை?”

“மன்றத்தை.”

“இருந்தால்லா காட்டுததுக்கு” என்றாள் அம்மா.

அப்பாவுக்கு அன்று முகம் வெளிறிப்போனது. முதலாளி கூப்பிட்டால்கூட அப்படி ஆகாது. இத்தனை வருஷம் அந்த நிலையத்துக்காரர்கள் நம்பிய ஒரே விஷயம் அவருடைய வார்த்தை. அது பொய் என்று தெரிந்துவிட்டால் அப்புறம் அவர் கட்டைக் கணக்கு எழுதுகிற ஆவுடையப்பன் மட்டும்தான். மறுநாளே என்னையும் இழுத்துக்கொண்டு டீக்கடைக்குப் போனார்.

“முப்பிடாதி, நீரு நம்ம மன்றத்துச் செயலாளரு, தெரியும்லா?”

“எந்த மன்றம் அண்ணாச்சி? ரசிகர் மன்றமா? நான் எந்தக் கட்சியிலயும் கிடையாது. யாவாரம் கெட்டுரும்.”

“ரேடியோ மன்றம்வே. ரொம்ப வருசமா நீருதான் செயலாளர்.”

“அப்படியா! சம்பளம் உண்டுமா?”

“உம்ம பேரை ரேடியோவுல எத்தனை தடவை படிச்சிருக்காங்க, தெரியுமா வே?”

முப்பிடாதி டீ ஆற்றுவதை நிறுத்தினார். “எம் பேரையா? என்னன்னு?”

“ரயிலைப் பத்திக் கேட்டிருந்தீரு.”

“நான் ரயில்ல ஏறினதே கிடையாதே அண்ணாச்சி.”

“அதனாலதான் கேட்டிருக்கீரு.”

முப்பிடாதி மறுபடி டீயை ஆற்ற ஆரம்பித்தார். அது அவருக்கு நியாயமாகப் பட்டது. அய்யாக்குட்டிக்குத்தான் கோபம் வந்தது. தன் பெயரில் கடிதம் எழுதியதற்கு அல்ல, பெயரை வாசித்த அன்று வந்து சொல்லாததற்கு. “எங்க மாமனார் உசுரோட இருந்தப்பவே படிச்சாங்களா? அடப்பாவி மனுசா, சொல்லியிருந்தா அவரைக் கேக்க வச்சிருப்பேனே!” என்றார். மனிதர்களைப் பாருங்கள். ஒரு குவளைத் தண்ணீர் போல இருப்பார்கள், ரேடியோவில் பெயர் வருகிறது என்றதும் கொதிக்கிறார்கள். ஒரு வாரத்தில் தெருவே மன்றத்தில் சேர்ந்துவிட்டது. அப்பா ஒவ்வொருவரையும் தனித்தனியாக உட்காரவைத்து, இதுவரை அவர்கள் என்னென்ன எழுதியிருக்கிறார்கள் என்று சொல்லிக்கொடுத்தார்.

ஜெபமணி குறுக்கே வந்தது அப்போதுதான்.

ஜெபமணி வீடியோ கேசட் வாடகைக்கு விடுகிறவன். தன் கடையிலிருந்து நாலைந்து தெருவுக்கு வயர் இழுத்து, அதற்கு லோக்கல் டிவி என்று பேர் வைத்திருந்தான். காலையில் ஒரு படம் போடுவான், ராத்திரி அதே படம். நடுவில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, நாளைக்குக் குழாயில் தண்ணீர் வராது என்று வாசிப்பான். அவன் வாசிக்கும்போது பின்னால் அவன் மனைவி குடத்தோடு நடந்து போவாள். இதற்கு ஊரே வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தது. வீட்டில் டிவி இல்லாதவர்களுக்காகக் கடை வாசலில் ஒரு பெட்டியை ஸ்டூல் மேல் வைத்திருந்தான். அந்த வருஷம் புதிதாக ஒரு கேமராவும் வாங்கி, அம்மன் கோவில் பொங்கலைப் படம் பிடித்திருந்தான். அதைப் போடப்போகிறேன் என்று ஆட்டோவில் மைக் கட்டி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு போனான். ‘உங்கள் முகத்தை நீங்களே கண்டு களிக்கத் தவறாதீர்கள்!’ எந்த நாள்? அந்த அறிவிப்பாளர் எங்கள் வீட்டுக்கு வருகிற அதே ஞாயிற்றுக்கிழமை. அதே சாயங்காலம்.

அப்பா அவன் கடைக்கும் போனார். நானும் கூட இருந்தேன்.

“தம்பி ஜெபமணி, ஒரு ரெண்டு மணி நேரம் தள்ளிப் போடக் கூடாதா?”

“ஊரெல்லாம் மைக் போட்டாச்சு அண்ணாச்சி. பொம்பளையாள்க இப்பவே உடுத்திட்டு வாரதுக்குச் சேலை எடுத்து வச்சாச்சு.”

“அவங்க மொகத்தை அவங்களே பாக்கதுக்கு எதுக்குய்யா புதுச்சேலை?”

“அதை நீங்க அவங்ககிட்டல்லா கேக்கணும். ஒண்ணு செய்ங்க, உங்க விருந்தாளியையும் இங்க கூட்டிட்டு வந்துருங்க. கேமரா முன்னால உக்காத்தி வச்சு ஊருக்கே காட்டிருவோம். உங்க ரேடியோவுல அந்தம்மா மொகம் தெரியுமா, சொல்லுங்க.”

“மொகத்தைப் பாத்து என்ன செய்ய?” என்றார் அப்பா.

ஜெபமணி சிரித்தான். நானும் சிரித்தேன். சிரிப்பு வராதா, சொல்லுங்கள்? அப்பா அவனை விட்டுவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

எனக்கும் அந்தப் படத்தில் கொஞ்சம் பங்கு இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். நான் பால்குடம் எடுத்திருந்தேன். ஜெபமணி தெரு முழுக்க எனக்கு முன்னால் பின்பக்கமாகவே நடந்து படம் பிடித்துக்கொண்டு வந்தான். அதனால் எனக்குப் பெரிதாக ஆசை ஒன்றும் இல்லை. சும்மா தகவலுக்குச் சொன்னேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. நடு அறையில் ஜமுக்காளம் விரித்தோம். கலர் காகிதம் ஒட்டினோம். முப்பிடாதி கடையிலிருந்து ஒரு தட்டு வடை வந்தது. உறுப்பினர்கள் எல்லோரும் திருநீறு பூசிக்கொண்டு வரிசையாக உட்கார்ந்தார்கள். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. கார் மட்டும் வரவில்லை. பக்கத்துத் தெருவிலிருந்து ஜெபமணியின் ஸ்பீக்கரில் கோவில் மேளம் கேட்க ஆரம்பித்தது.

“கடையைப் பூட்டுனேனா என்னன்னு தெரியலையே” என்று அய்யாக்குட்டி எழுந்தார். அவர் பின்னாலேயே ஒருவருக்கு வயிறு சரியில்லை. ஒருவருக்கு மாட்டைப் பிடித்துக் கட்ட வேண்டியிருந்தது. அப்பா ஒவ்வொருவரிடமும், “சீக்கிரம் வந்துருவீர்லா?” என்று வாசல்வரை போய்க் கேட்டுவிட்டு வந்தார். அதிக நேரம் உட்கார்ந்திருந்தவர் முப்பிடாதிதான். கடைசியில் அவரும், “பாலை அடுப்புல வச்சிட்டு வந்துட்டேன் அண்ணாச்சி” என்றார். பஸ்ஸில் இடம் பிடிப்பது போல உட்கார்ந்த இடத்தில் துண்டைப் போட்டுவிட்டுப் போனார்.

அற்பர்கள். வேறு வார்த்தை இல்லை. ஒரு மனிதனுடைய மானம் அங்கே காற்றில் பறக்கப்போகிறது, இவர்களுக்குத் தங்கள் மூஞ்சியைப் பார்க்க வேண்டுமாம். வீட்டில் கண்ணாடி இல்லையா?

அப்பா என்னைக் கூப்பிட்டார். “கோமதி, நீ போயிக் கூட்டிட்டு வால. கார் வந்தாச்சுன்னு சொல்லு.”

என் முழுப் பெயர் கோமதிநாயகம். அவர் அப்படித்தான் கூப்பிடுவார். கார் அப்போது வரவில்லை. நான் தெரு முனை திரும்பும்போது எதிரே வந்தது. பின் சீட்டில் ஒரு வெள்ளைத் தோல் அம்மாள், மடியில் ஒரு கறுப்புப் பையைக் குழந்தையைப் போல வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் வீட்டுக்குத் திரும்பியிருக்கலாமே என்று உங்களுக்குத் தோன்றும். அவர் என்னை அனுப்பியது ஆட்களைக் கூட்டிவர. வெறுங்கையோடு எப்படித் திரும்புவது?

ஜெபமணி கடை வாசலில் மன்றம் முழுக்க இருந்தது. அய்யாக்குட்டி முன்வரிசை. நான் முப்பிடாதியின் தோளைத் தொட்டு, “அண்ணாச்சி, கார் வந்தாச்சு” என்றேன். “இந்தா, தீச்சட்டி முடியட்டும், வந்துருதேன்” என்றார். திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஒரு மனிதன் தன் முகம் வரும் வரும் என்று காத்திருக்கும்போது கையைப் பிடித்து இழுக்க முடியுமா? நான் நின்றேன். வேடிக்கை பார்க்க நிற்கவில்லை, அவர்கள் எழுந்திருக்கட்டும் என்று நின்றேன். அதற்குள் தீச்சட்டி முடிந்து பால்குடம் வந்துவிட்டது.

பால்குடத்தில் நான் வந்தேன். வந்தேன் என்றா சொல்வது? ஒரு முழங்கை வந்தது. அதில் சிரங்குத் தழும்பு இருந்ததால் என்னுடையதுதான் என்று தெரிந்தது. அடுத்த நொடி கேமரா மேலே போய்விட்டது, கோபுரத்தைக் காட்டியது, காட்டியது, காட்டிக்கொண்டே இருந்தது. அந்தக் கோபுரத்தை நான் தினம் பள்ளிக்கூடம் போகும்போது பார்க்கிறேன். அதைப் பார்க்கவா இவ்வளவு தூரம் வந்தேன்? ஊர்வலம் கோவிலுக்குத் திரும்புகிற இடத்தில் ஒருவேளை காட்டுவானோ என்று இன்னும் கொஞ்ச நேரம் நின்றேன். அந்த ஆட்களுக்காகத்தான் நின்றேன், அதுதான் சொன்னேனே.

நான் தெருவுக்குத் திரும்பும்போது விளக்கு வைத்துவிட்டார்கள். கார் மெயின் ரோட்டில் ஏறிப் போய்க்கொண்டிருந்தது.

வீட்டில் அப்பா ஜமுக்காளத்தில் உட்கார்ந்திருந்தார். சட்டை முதுகில் வியர்வை ஒட்டியிருந்தது. முகம் என்னவோ கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருந்தது. “கூட்டிட்டு வந்தியா?” என்று கேட்கவில்லை. “வடை இருக்கு, சாப்பிடுல” என்றார். அம்மா அடுக்களையில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினாள். அழுகிறாள் என்று நினைத்து உள்ளே போனேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

“என்னம்மா நடந்துச்சு?”

“என்ன நடந்துச்சு? மன்றக் கூட்டம் நடந்துச்சு” என்று சொல்லிவிட்டு மறுபடி குலுங்கினாள்.

எனக்குப் புரிந்துவிட்டது. அவமானம் தாங்காமல் இரண்டு பேருக்கும் புத்தி பிசகிவிட்டது. கடல் தாண்டி வந்த ஒருத்திக்கு வெறும் ஜமுக்காளத்தைக் காட்டி அனுப்பிய மனுஷன் வேறு எப்படி இருப்பார்? அன்று எனக்குள் அவர் மேல் ஒரு இளக்காரம் வந்தது. அது கடைசிவரை போகவில்லை. ஏன் வந்தது என்று நானும் யோசிக்காமல் இல்லை. நான் எதையும் யோசிக்காமல் விடுகிற ஆள் இல்லை. அவர் பொய் மன்றம் வைத்ததாலா? தோற்றதாலா? தோற்றும் முகம் வாடாமல் இருந்ததாலா? விடிய விடியப் புரண்டு யோசித்திருக்கிறேன். இவை மூன்றில் ஏதோ ஒன்றாகத்தான் இருக்க வேண்டும்.

என் பையன் ஓசூரில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணுவான். “சாப்பிட்டீங்களாப்பா?” என்பான். சாப்பிட்டேன் என்பேன். அப்புறம் இரண்டு பேரும் போனைப் பிடித்துக்கொண்டு சும்மா இருப்போம். அவனுக்கும் என் மேல் ஒரு இளக்காரம் உண்டு, எனக்குத் தெரியும். எதற்கு என்றுதான் தெரியவில்லை. நான் மன்றம் எதுவும் வைக்கவில்லையே.

இருங்கள், இன்னும் முடியவில்லை.

சில வாரம் கழித்து அந்த ஒலிபரப்பு வந்தது. இந்த முறை அப்பா யாரையும் கூப்பிடவில்லை. அவர்களாகவே வந்தார்கள். கொஞ்சம் கூச்சத்தோடு வந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். முப்பிடாதி துண்டைக் கேட்டு வாங்கிக்கொண்டார். ஜெபமணிகூட வாசல்படியில் வந்து நின்றான். ரேடியோவில் அந்தத் தேன்மொழி, பாடப் புத்தகத்தை வாசிப்பது போல, “அலைகடல் நேயர் மன்றத்துக்கு நாங்கள் சென்றிருந்தோம். உறுப்பினர்கள் திரளாகக் கூடியிருந்தனர்” என்றாள்.

திரளாக! நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் குமிழைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“செயலாளர் திரு. முப்பிடாதி அவர்கள் பேசுகிறார்கள்” என்றாள். ரேடியோவில் ஒரு இருமல். முப்பிடாதியின் இருமல். “என்னத்தச் சொல்ல, எனக்கு ரயிலுன்னா உசுரு…” என்று ஆரம்பித்து, நடுவில் யாரையோ “சீனி கம்மியாவா?” என்று கேட்டு, மறுபடி ரயிலுக்கு வந்தது அந்தக் குரல். உயிரோடு எதிரே உட்கார்ந்திருந்த முப்பிடாதி, வாயைத் திறந்தபடி தன் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தார். அடுத்து அய்யாக்குட்டி. பல்லில் நூலைக் கடித்துக்கொண்டு பேசுவாரே, அதே மாதிரி. அப்புறம் வயிறு சரியில்லாதவர். அப்புறம் மாட்டுக்காரர்.

எல்லாம் அப்பாதான்.

அம்மா பிற்பாடு சொன்னாள். “அந்தப் பொம்பளை உள்ள வந்து, ‘உறுப்பினர்கள் எங்கே உள்ளனர்?’ன்னு கேட்டா. உங்கப்பா ஜமுக்காளத்தை ஒரு தடவை சுத்திப் பாத்தாரு. பெறவு, ‘இங்கதான் இருக்காங்க’ன்னுட்டு, துண்டு கிடந்த இடத்துல போயி உக்காந்து முப்பிடாதி மாதிரி இருமுனாரு. அவ முழிச்சா. அடுத்த இடத்துல நவுந்து உக்காந்து அய்யாக்குட்டி மாதிரி பேசுனாரு. அவ்வளவுதான், அவ செருப்பைக் கழட்டிட்டுத் தரையில உக்காந்தா. மைக்கைப் பிடிச்சுக்கிட்டு இவரு கூடவே ஜமுக்காளம் முழுக்க நவுந்தால்ல! சிரிச்சுச் சிரிச்சு அவளுக்குக் கண்ணுல தண்ணி.”

பித்தலாட்டம். வேறென்ன? ரேடியோவில் சத்தம் மட்டும்தானே போகும். அறையில் யார் இருக்கிறார், யார் இல்லை என்று யார் பார்த்தது? இதை ஜெபமணியால் செய்ய முடியுமா? முடியாது. அவனிடம் இருந்தது நேர்மை. முழங்கைதான் இருந்தது என்றால் முழங்கையைத்தான் காட்டுவான்.

அந்தக் கூட்டத்தில் ஒருவராவது, ‘நான் அன்றைக்கு அங்கே இல்லையே’ என்று சொல்லியிருக்க வேண்டாமா? முப்பிடாதி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “நல்லாத்தான் பேசியிருக்கேன், என்ன?” என்றார். அய்யாக்குட்டி, “எங் குரல் கொஞ்சம் தடிப்பா வந்திருக்கு. மைக்குக் கோளாறு” என்றார். மறுநாளிலிருந்து முப்பிடாதி டீ குடிக்க வந்தவர்களுக்கெல்லாம் அந்த நாட்டு ரயிலைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். செத்துப்போகிறவரை சொன்னார். அவரைப் போன்றவர்களை வைத்துத்தான் நீங்கள் மாநாடு நடத்துகிறீர்கள்.

அப்பா அத்தோடு விட்டிருக்கலாம். விடவில்லை.

“அடுத்து, மாணவர் அணியின் சார்பில் செல்வன் கோமதிநாயகம்” என்றது ரேடியோ.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

“தம்பி, எங்கள் ஒலிபரப்பில் உங்களுக்கு மிகவும் விருப்பமான நிகழ்ச்சி எது?” என்று அவள் கேட்டாள்.

ஒரு பையன் பேசினான். மெல்லிய குரல். “நிகழ்ச்சின்னு ஒண்ணும் இல்லக்கா. அப்பா ஸ்டேசனைத் தேடிட்டு இருப்பாங்க, நான் பக்கத்துல உக்காந்திருப்பேன். ரெண்டு பேரும் ஒண்ணும் பேச மாட்டோம். அதுதான் எனக்குப் பிடிக்கும்.”

கொஞ்ச நேரம் இரைச்சல் மட்டும் வந்தது. அப்புறம் அவர்கள் நாட்டு இசையைப் போட்டுவிட்டார்கள்.

“பரவாயில்லையேல! அப்பா மேல இம்புட்டுப் பாசமா?” என்று முப்பிடாதி என் முதுகில் தட்டினார். அப்பா திரும்பவில்லை. நிலையம் தெளிவாகத்தான் வந்துகொண்டிருந்தது, ஆனாலும் குமிழைப் பிடித்து என்னவோ சரி செய்துகொண்டே இருந்தார். நான் எழுந்து வெளியே போனேன்.

யார் கொடுத்தது அவருக்கு அனுமதி? முப்பிடாதி பேரில் பேசட்டும், மாட்டுக்காரர் பேரில் பேசட்டும், அவர்களுக்கு மானம் கிடையாது. என் வாயில் ஒரு வார்த்தையைக் கொண்டுவந்து வைக்க அவர் யார்? அதுவும் உலகம் முழுக்கக் கேட்கிற மாதிரி. அதுவாவது என் குரலா? இல்லை. முப்பிடாதியை அப்படியே பேசிக் காட்டத் தெரிந்தவருக்கு, சொந்த மகனைப் பேசிக் காட்டத் தெரியவில்லை. எனக்கு அப்போது குரல் உடைந்து ஒரு வருஷம் ஆகிவிட்டது, தம்பி. ஒரே வீட்டில் இருக்கிறோம், அது அவர் காதில் விழவில்லை. அவர் பேசியது எனக்கு ஏழு எட்டு வயதில் இருந்த குரல். கடைசியாக அவர் என்னிடம் காது கொடுத்தது அந்த வயதில்தான் போலிருக்கிறது. இல்லை, நான்தான் அதற்கப்புறம்… சரி, அது எதற்கு இப்போது.

நான் அவரிடம் இதைக் கேட்கவே இல்லை. அவரும் சொல்லவில்லை. இப்போது நீங்கள் வந்து, மகன் என்ற முறையில் மேடையில் நாலு வார்த்தை பேசுங்கள் என்கிறீர்கள். நான் எதைப் பேசுவது? என் பங்கையும் சேர்த்து அவரே பேசிவிட்டுப் போய்விட்டாரே.

நீங்கள் போனில் விஷயத்தைச் சொன்ன அன்றைக்கு, கதவைச் சாத்திக்கொண்டு, அந்த வார்த்தைகளை நானே ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். ஒன்றுமில்லை, மேடையில் தேவைப்பட்டால் இருக்கட்டும் என்றுதான். சரியாக வரவில்லை. இன்னொரு தடவை சொன்னேன். அவர் சொன்னபோது அது ஒரு பையன் பேசுவது போலத்தான் இருந்தது. நான் சொன்னபோது, வயதான ஒரு ஆள் யாரோ ஒரு பையனைப் போலப் பேசிக் காட்டுகிற மாதிரி இருந்தது.